பதினொரு மில்லிமீட்டர்

பிரேம் என்னுடையது.
எஞ்சின் ரேவியுடையது.
இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்,
பின்னால் வழக்கு வரலாம்.

இன்வர்கார்கில், ஜூலை.
தென்துருவத்தில் கிளம்பிய காற்று
வழியில் எங்கும் நிற்காமல்
எங்கள் தகரக் கொட்டகையில் வந்து மோதும்.
ஹீட்டர் ஒரு முழங்காலை மட்டும் சூடாக்கும்.

என் இருநூற்றைம்பது சிசி டூ-ஸ்ட்ரோக்
நேர்ச்சாலையில், முழு வேகத்தில்
பிஸ்டன் இறுகிச் செத்தது.
சிலிண்டரும் கிராங்க்கும் ஒசாகாவில் இருக்கின்றன;
அவர்கள் சொன்ன விலைக்கு இங்கே
ஒரு கறவைப் பசு வாங்கலாம்,
கன்றோடு.
மிஞ்சிய அலுமினியக் கூட்டை
ஒற்றைக் கையால் தூக்கிச் சுவரில் மாட்டினேன்.

ரேவியின் எஞ்சின் மோட்டோகிராஸ் வண்டியினுடையது.
நானூற்றைம்பது, ஒற்றை சிலிண்டர்.
மண்மேட்டைத் தாண்டிக் குதித்தபோது
அவன் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக இறங்கினார்கள்.
இப்போது அவன் இடுப்பில் டைட்டானியம்.
"என்னைவிட அது நல்லா இருக்கு,
ஓடட்டும்" என்றான்.

முதலில் எஞ்சினை ஏற்றவில்லை.
ஆட்டுத்தீவனம் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி
அதே அளவில் ஓர் எஞ்சின் செய்தோம்.
அட்டை எஞ்சின் அம்சமாகப் பொருந்தியது.
அட்டைக்குப் போல்ட்டு துருத்தாது.
அட்டைக்கு செயின் கிடையாது.

நிஜம் உள்ளே போனதும்
செயின் பதினொரு மில்லிமீட்டர் உள்தள்ளி
டயரின் விலாவை உரசிக்கொண்டு நின்றது.
பதினொரு மில்லிமீட்டர்.
என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்.
அதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விழுந்து காணாமல் போயின.

எஞ்சினை இடப்புறம் நான்கு நகர்த்து.
முன் ஸ்ப்ராக்கெட்டை ஐந்து வெளியே தள்ளு.
பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு சீவு.
கணக்கு முடிந்தது.
கணக்கு முடிந்ததும்
கார்புரேட்டர் டேங்கின் வயிற்றில் முட்டியது.
டேங்கைக் குடைந்தால்
புகைக்குழாய் ரேடியேட்டரைத் தொட்டது.
ஒன்றை உட்காரவைத்தால் இன்னொன்று எழுந்துகொண்டது.

தனக்கு வெல்டிங் தெரியும் என்று ரேவி சொன்னான்.
பின்தாங்கியில் அந்த ஒரு வெல்டு அவனுடையது.
பார்க்கப் புறா எச்சம்.
வழித்துவிட்டு மறுபடி செய்யலாம் என்றேன்.
"தாங்கும்" என்றான்.
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.
வயரிங் வேலை சுத்தமாக நடந்தது
அந்த இரண்டு நாளில்தான்.

ஆகஸ்டில் ஒரு வியாழன், இரவு பத்தேமுக்கால்.
இடுப்பை உத்தேசித்து அவன் உதைக்கக் கூடாது.
நான் உதைத்தேன்.
பதினேழு முறை ஒன்றுமில்லை.
பதினெட்டாவதில்
கொட்டகைத் தகரம் மொத்தமும் சேர்ந்து இருமியது.
பழையது கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும்.
இது கதவைத் தட்டுகிறது,
திறக்கும்வரை தட்டும்.
எங்கிருந்தோ ஒரு நட்டு கழன்று
ஹீட்டருக்கடியில் உருண்டது.
எங்கிருந்து என்று இன்றுவரை தெரியாது.

டெரெடொங்கா பந்தயத்தடம், சோதனை வரிசை.
சோதிப்பவர் ஊனா ட்ரெவார்த்தன்,
வாரநாட்களில் தபால் போடுபவர்.
படிவத்தில் 'தயாரிப்பு' என்ற இடத்தில்
ரேவி ஒன்று எழுதி, நான் அடித்து,
நான் ஒன்று எழுதி, அவன் அடித்திருந்தான்.
அவர் அதைப் படிக்கவேயில்லை.
குனிந்தார். டார்ச் அடித்தார்.
புறா எச்சத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார்.
"இது யார்?"

நான்தான், என்றேன்.

ரேவி ரொம்ப நேரம் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தான்.
"அசிங்கம்" என்றார் ஊனா,
"ஆனா ஆழமா இறங்கியிருக்கு."
ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

ஆறு சுற்று.
பழைய பழக்கத்தில் வளைவுக்குமுன் கியரை இறக்கினால்
பின்னாலிருந்து யாரோ காலரைப் பிடித்து இழுக்கிறார்கள்.
பின்சக்கரம் துள்ளுகிறது.
நான்காம் சுற்றில்தான்
இறக்கியபின் கிளட்சை மெல்ல விடக் கற்றேன்.
ஐந்தாவதில்
சொல்லத் தெரியவில்லை, ஐந்தாவதில்
எதுவும் யாருடையதாகவும் இல்லை.

இறங்கியபோது விரல்கள் அதிர்வில் மரத்து மடங்கவில்லை.
கையுறையை அவன்தான் உருவினான்.
"பதினொன்று சரியா இருந்ததா?"

வேகத்தில் டயர் கொஞ்சம் பருக்கும்.
அதை நாங்கள் கூட்டவேயில்லை.
விலாவில் செயின் கிழித்த கோடு,
மயிரளவு, பளபளவென்று.

"பன்னிரண்டு வைத்திருக்கலாம்" என்றேன்.